காலையில் மட்டும் தூங்கும் தேடல் சர்வர்: ஒரு பழுதுபார்ப்புப் பதிவு

இணைய இணைப்பு இல்லாமலே விக்கிப்பீடியாவில் தேடுவதற்காக ஒரு சிறிய நூலகத்தில் வைத்திருக்கும் கணினி இது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5, 16 ஜிபி டிடிஆர்4 ராம், நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் 1 டிபி ஹார்ட் டிஸ்க், உபுண்டு, அதன் மேல் எலாஸ்டிக்சர்ச் 7.17 என்ற தேடல் மென்பொருள். உள்ளே ஆங்கில விக்கிப்பீடியா, தமிழ் விக்கிப்பீடியா, தமிழ் விக்கிமூலம் மூன்றும் இருக்கின்றன. எல்லாம் விக்கிமீடியா வெளியிடும் டம்ப் கோப்புகளிலிருந்து, அதாவது தளத்தின் மொத்த நகலிலிருந்து, எடுத்தவை. ஆங்கிலக் கட்டுரைகளின் டம்ப் மட்டும் சுருக்கிய நிலையிலேயே 20 ஜிபிக்கு மேல் வரும். அமைத்துக் கொடுத்தவர் வேறொருவர். "ரொம்ப ஸ்லோ, ராம் பத்தலையாம், 32 ஆக்கணுமாம்" என்ற சொல்லோடு என்னிடம் வந்து சேர்ந்தது.

நோய் என்னவென்று நூலகர் அம்மா சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. "காலையில வந்ததும் நாலு பேர் தேடினாத்தான் அது முழிக்கும் தம்பி. மத்தியானத்துல பரவாயில்ல." தினமும் மாலையில் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவார்களாம். யுபிஎஸ் உண்டு, ஆனால் அது மின்வெட்டுக்கு மட்டும்.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். கணினியை ஏற்றி, 'பள்ளிக்கூடம்' என்று தேடினால் எட்டு விநாடிக்குப் பிறகு முடிவு வருகிறது. அதையே உடனே திரும்பத் தேடினால் அரை விநாடி. வேறு சொல் கொடுத்தால் மறுபடி ஐந்தாறு விநாடி. எலாஸ்டிக்சர்ச்சுக்குள் சில கேஷ்கள், அதாவது மறுபடி பயன்படுத்த வைத்துக்கொள்ளும் தற்காலிகச் சேமிப்புகள், இருக்கின்றன என்றாலும் அவை இதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஷார்ட் ரிக்வெஸ்ட் கேஷ் இயல்பாக, முடிவுகளைத் திருப்பிக் கேட்காத, வெறும் எண்ணிக்கை மாதிரியான கேள்விகளைத்தான் சேமிக்கும். கொயரி கேஷ் திரும்பத் திரும்ப வரும் ஃபில்டர்களுக்கானது. மிச்சம் இருப்பது லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பேஜ் கேஷ். ஒருமுறை டிஸ்கிலிருந்து படித்த கோப்புத் துண்டை, வேறு யாருக்கும் தேவைப்படாத ராமில் கர்னல் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை டிஸ்கைத் தொட வேண்டியதில்லை.

எலாஸ்டிக்சர்ச்சின் அடியில் இருக்கும் லூசீன் என்ற தேடல் எஞ்சின் இதை நம்பியே கட்டப்பட்டது. தனக்கென்று பெரிய கேஷ் எதுவும் அது வைத்துக்கொள்வதில்லை. கோப்பைத் திறந்து, "இந்த இடத்தில் இருப்பதைக் கொடு" என்று கர்னலிடம் கேட்கும், அவ்வளவுதான். ராமில் இருந்தால் நானோ விநாடிக் கணக்கில் கிடைக்கும். இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்கின் முள் நகர வேண்டும், தட்டு சுழன்று வர வேண்டும். 7200 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு, அதோடு முள் நகரும் நேரம், சேர்த்தால் பன்னிரண்டு மில்லி விநாடிக்குப் பக்கம். விநாடிக்கு எண்பது படிப்பு கிடைத்தால் பெரிது.

சரி, ராமில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தால், எலாஸ்டிக்சர்ச் ஓடும் ஜாவாவின் ஹீப்புக்கு (அது தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் நினைவகம்) 12 ஜிபி கொடுத்து வைத்திருக்கிறார்கள். "இருப்பதில் பெரும்பங்கைக் கொடு" என்ற எண்ணம். டேட்டாபேஸ் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு இது சரியாகவே தோன்றும், அங்கே பஃபருக்கு நிறையக் கொடுப்பது வழக்கம். இங்கே அது தலைகீழ். மீதி 4 ஜிபியில் இயங்குதளம், ஜாவா ஹீப்புக்கு வெளியே எடுக்கும் நினைவகம் எல்லாம் போக, பேஜ் கேஷுக்குக் கிடைத்தது 2 ஜிபி கூட இல்லை. இன்டெக்ஸோ, அதாவது கட்டுரைகளையும் அவற்றில் எந்தச் சொல் எங்கே என்பதையும் தேடுவதற்காகக் கட்டி வைத்த கோப்புகள், 80 ஜிபியை ஒட்டி இருந்தது. மொத்த ராமில் பாதிக்கு மேல் ஹீப்புக்குக் கொடுக்காதே என்று எலாஸ்டிக்சர்ச் ஆவணங்களே சொல்கின்றன. 32 ஜிபியைத் தாண்டினால் ஜாவாவின் சுருக்கிய பாயின்டர் வசதியும் போய்விடும் என்பது பெரிய இயந்திரங்களின் கவலை, நமக்கு இல்லை.

கார்பேஜ் கலெக்‌ஷன் (ஜாவா தேவையில்லாததை நினைவகத்திலிருந்து நீக்குவது) முடிந்த பிறகு ஹீப்பில் உண்மையில் எவ்வளவு நிற்கிறது என்று பதிவுக் கோப்பில் பார்த்தேன். ஒரு ஜிபியைத் தொடவில்லை. லூசீன் 8 வந்ததிலிருந்து சொல்-இன்டெக்ஸையும் ஹீப்புக்கு வெளியே வைத்துக்கொள்ள முடிவதால், 7 வரிசையின் பிந்தைய பதிப்புகள் ஹீப்பில் மிகச் சிக்கனமானவை. 3 ஜிபி என்று குறைத்து, டிஸ்கில் இருக்கும் ஸ்வாப் பக்கம் போகாதபடி நினைவகத்தைப் பூட்டும் அமைப்பையும் போட்டு, மறுபடி ஏற்றினேன். பேஜ் கேஷுக்கு 11 ஜிபிக்கு மேல் கிடைத்தது. மதிய நேரத் தேடல்கள் கண்ணுக்குத் தெரிந்த அளவு வேகமாயின. காலைத் தேடல் அப்படியே இருந்தது. இருக்கத்தானே செய்யும், காலையில் கேஷ் காலி.

இதற்கு மேல் உத்தேசத்தில் போக முடியாது என்பதால் ஒரு சோதனை முறை வைத்துக்கொண்டேன். நூலகத்தின் தேடல் பதிவிலிருந்தே சொற்களை எடுத்து, வரிசையைக் கலைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சின்ன பைதான் ஸ்கிரிப்ட். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் கர்னலிடம் சொல்லி பேஜ் கேஷைக் காலி செய்துவிட்டு 'குளிர்' ஓட்டம், அதன் பிறகு அதே பட்டியலில் 'சூடான' ஓட்டம். சராசரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நூறில் மிக மெதுவான ஐந்து எப்படி இருக்கின்றன என்று பார்த்தேன். காத்திருப்பவர் எரிச்சல்படுவது அந்த ஐந்தில்தான். கற்பனைச் சொற்களை வைத்துச் சோதித்தால் முடிவு வேறு மாதிரி வரும். நிஜ மனிதர்கள் தேடும் சொற்களில் பாதி, பரீட்சைக்கு முன் எல்லோரும் தேடும் அதே பத்து இருபதுதான்.

குளிர் ஓட்டத்தின்போது டிஸ்க் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட்டைத் திறந்து வைத்தால் டிஸ்க் நூறு சதவீதம் திணறிக்கொண்டிருந்தது, எதிர்பார்த்ததே. எதிர்பார்க்காதது அதிலிருந்த ஒரு நெடுவரிசை: ஒவ்வொரு படிப்பின் சராசரி அளவு. தேடல் என்பது அங்கொன்று இங்கொன்றாகச் சின்னச் சின்னத் துண்டு படிக்கும் வேலை, நாலு கேபி எட்டு கேபி என்றுதான் இருக்க வேண்டும். இங்கே அது பல நூறு கேபி காட்டியது. யாரோ கேட்காததையும் சேர்த்துப் படிக்கிறார்கள்.

அந்த யாரோ ரீட்அஹெட். கோப்பை வரிசையாகப் படிப்பவருக்கு உதவியாக, கேட்டதற்கு அடுத்ததையும் கர்னல் முன்கூட்டியே எடுத்து வைக்கும். ஒற்றை டிஸ்கில் இயல்பான அளவு 128 கேபி. இந்த டிஸ்கோ எல்விஎம் (டிஸ்கைப் பகுதிகளாகப் பிரித்தாளும் அடுக்கு), அதன் மேல் டிஎம்-கிரிப்ட் (குறியாக்க அடுக்கு) என்று அடுக்கடுக்காக இருந்தது. அப்படி அடுக்கும்போது மேல் அடுக்கின் ரீட்அஹெட் பல எம்பி ஆகிவிடுவது உண்டு. பிளாக்டெவ் கட்டளையில் கேட்டால் 8192 என்றது. 512 பைட் செக்டார் கணக்கு அது, அதாவது 4 எம்பி.

இதில் நேர விரயத்தை விடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. எலாஸ்டிக்சர்ச் 7 வரிசை சொற்பட்டியலையும், மதிப்பெண்ணுக்கும் வரிசைப்படுத்தலுக்கும் உதவும் நார்ம்ஸ், டாக் வேல்யூஸ் கோப்புகளையும் எம்மேப் செய்து, அதாவது நினைவகத்தின் பகுதிபோலவே இணைத்து, வைக்கும். அதில் ஒரு 4 கேபி பக்கம் ராமில் இல்லையென்றால், கர்னல் அந்த இடத்தைச் சுற்றி 4 எம்பி வரை இழுத்துக்கொண்டு வரும். ஆயிரம் இடத்தில் கை வைத்தால் 4 ஜிபி ராமுக்குள் வந்து உட்காரும். நமக்குத் தேவைப்பட்டது அதில் 4 எம்பி. வந்து உட்கார்ந்தது சும்மா உட்காராது, ஏற்கெனவே இருந்த உருப்படியான பக்கங்களை வெளியே தள்ளிவிட்டு உட்காரும். பேஜ் கேஷ் 2 ஜிபிகூட இல்லாத காலத்தில் இது என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

256 செக்டார், அதாவது 128 கேபி என்று மாற்றினேன். மெதுவான தேடல்களுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு காசு செலவில்லை. இந்த மாற்றம் கணினியை அணைத்தால் போய்விடும், கணினி ஏறும்போது தானாக ஓடும் யுடெவ் விதியாக எழுதி வைக்க வேண்டும். தினமும் மாலை மெயினை அணைக்கும் இடத்தில் இதை மறந்தால் அடுத்த நாளே புகார் வரும்.

இன்னும் மிச்சம் மூன்று நாலு விநாடி. சுற்றிச் சுற்றி இன்டெக்ஸிடமே வந்தேன்.

80 ஜிபி என்பதே முதலில் உறுத்தியது. விக்கி நிரலை நீக்கி வெறும் உரையாக எடுத்தால் மூன்று தளங்களும் சேர்ந்து அதில் கால்பங்கு வந்தால் அதிகம். இன்டெக்ஸ் ஏன் உரையை விட நாலு மடங்கு? அமைப்பைத் திறந்து பார்த்தால் காரணம் முதல் வரியிலேயே இருந்தது: எல்லாப் புலத்துக்கும் என்-கிராம், அதாவது சொல்லை ஒன்றன்மேல் ஒன்று விழும் சிறு துண்டுகளாக வெட்டுவது, துண்டின் நீளம் குறைந்தது 3, அதிகம் 4.

எண்ணம் தவறில்லை. தமிழில் 'பள்ளிக்கூடம்' என்று தேடுபவருக்கு 'பள்ளிக்கூடத்தில்', 'பள்ளிக்கூடங்களுக்கு' எல்லாம் கிடைக்க வேண்டும். எலாஸ்டிக்சர்ச் 7.17-இல் தமிழுக்கென்று தயார் அனலைசர் (உரையைத் தேடும் சொற்களாக மாற்றும் பகுதி) கிடையாது. சொல்லைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் எப்படியோ பொருந்தும் என்று, முதலில் அமைத்துக் கொடுத்தவர் செய்திருக்கிறார். ஆனால் அந்த வெட்டு எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். 'பள்ளிக்கூடம்' நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடுக்குப் பன்னிரண்டு குறியீடு, ஏனென்றால் புள்ளியும் இகரக் கொக்கியும் தனித்தனிக் குறியீடுகள். என்-கிராம் ஃபில்டர் எண்ணுவது குறியீட்டைத்தான். மூன்று மூன்றாக வெட்டினால் பத்துத் துண்டு, நாலு நாலாக வெட்டினால் ஒன்பது. ஒரு சொல்லுக்குப் பத்தொன்பது டோக்கன். அவற்றில் மூன்றாவது துண்டு ஒரு புள்ளியில் தொடங்குகிறது. ஐந்தாவது, வெறும் இகரக் கொக்கியில் தொடங்குகிறது. அப்படி ஒரு துண்டை எந்தத் தமிழ் வாசகர் எப்போது தேடப்போகிறார்?

இன்டெக்ஸ் பெரிதாவது ஒரு பக்கம். தேடும்போதும் அதே வெட்டு நடக்கிறது என்பது இன்னொரு பக்கம், எட்டு விநாடிக்கான கணக்கு அங்கேதான் கிடைத்தது. ஒரு சொல் பத்தொன்பது டோக்கன் ஆகிறது. லூசீன் இன்டெக்ஸ் ஒரே கோப்பு இல்லை, செக்மென்ட்டுகள். ஒவ்வொரு செக்மென்ட்டும் தனி இன்டெக்ஸ், தனக்கென்று தனிச் சொற்பட்டியலோடு. இந்தக் கணினியில் நாற்பதை ஒட்டி இருந்தன. பத்தொன்பதை நாற்பதால் பெருக்கினால் 760 இடத்தில் தேட வேண்டும். அதில் பாதிக்கும் குறைவாக, ஒரு முந்நூறு இடம் டிஸ்கைத் தொட்டால்கூட, பன்னிரண்டு மில்லி விநாடி வீதம் 3.6 விநாடி. சொற்பட்டியலில் கண்டுபிடித்த பிறகு, அது எந்தெந்த ஆவணத்தில் வருகிறது என்ற பட்டியலைப் படிக்க வேண்டும். அது இன்னொரு கோப்பு, இன்னொரு சுற்று முள் நகர்வு. ரீட்அஹெட் கூத்தையும் சேர்த்தால் எட்டு விநாடி தாராளமாக வந்துவிடும்.

என்-கிராமைத் தூக்கினேன். பதிலாக, பைதானின் ஸ்னோபால்ஸ்டெம்மர் நூலகத்தில், விகுதிகளை வெட்டி வேரை எடுக்கும் தமிழ் ஸ்டெம்மர் இருக்கிறது. இன்டெக்ஸில் ஏற்றுவதற்கு முன்பே உரையை அதில் ஓட்டி, வேர்ச்சொற்களை ஒரு தனிப் புலத்தில் போட்டேன். தேடும் சொல்லும் அதே வழியாக வரும். அந்த ஸ்டெம்மர் சில சமயம் கொஞ்சம் ஆழமாகவே வெட்டிவிடும், அதனால் வெட்டாத அசல் உரையையும் இன்னொரு புலமாக வைத்து, அதில் பொருந்தினால் அதிக மதிப்பெண் என்று அமைத்தேன். மேற்கோள் குறிக்குள் தேடும் தொடர்களுக்கு அசல் புலம் மட்டும். ஆகவே வேர்ப் புலத்தில் சொல் எந்த இடத்தில் வருகிறது என்ற பொசிஷன் தகவலே தேவையில்லை, எடுத்துவிட்டேன். வேர்ப் புலத்தின் உரை மூல ஆவணத்தோடு சேர்ந்து சேமிக்கப்படாமலும் பார்த்துக்கொண்டேன். இல்லாவிட்டால் ஒரே கட்டுரை இரண்டு முறை இடம் பிடிக்கும். ஆங்கிலத்துக்குத் தயார் அனலைசரே போதும்.

பொசிஷன் என்பது சாதாரணமாகப் பேசப்படாத செலவு. எந்தச் சொல் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்பதைச் சேமிக்க ஆகும் இடத்தை விட, ஒவ்வொரு தடவையும் எத்தனையாவது சொல்லாக வந்தது என்பதைச் சேமிக்க ஆகும் இடம் நீண்ட கட்டுரைகளில் அதிகம். தொடர்த் தேடல் வேண்டாத புலங்களில் அதை வைத்திருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

விக்கிமூலத்தில் இன்னொரு மாற்றம். முன்பு ஒரு புத்தகம் முழுவதும் ஒரே ஆவணமாக இருந்தது. முடிவுப் பட்டியலில் அந்தப் புத்தகம் வந்தால், நாலு வரி காட்டுவதற்காக மொத்தப் புத்தகத்தையும் டிஸ்கிலிருந்து எடுத்து, விரித்து, தேடிய சொல் எங்கே என்று மறுபடி அலச வேண்டும். விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பதே பக்கம் பக்கமாகத்தான், டம்பிலும் 'பக்கம்:' என்று தனிப் பெயர்வெளியில் அவை கிடைக்கின்றன. ஒரு பக்கம் ஒரு ஆவணம் என்று மாற்றினேன். படிக்கிற ஆளுக்கும் அதுவே வசதி, தேடியது 214-ஆம் பக்கத்தில் என்றால் நேரே அங்கே போகலாம்.

ஏற்றி முடித்து, இனி எழுதப்போவதில்லை என்பதால் ஃபோர்ஸ் மெர்ஜ் கொடுத்து ஒவ்வொரு இன்டெக்ஸையும் ஒரே செக்மென்ட் ஆக்கினேன். இது ஓடும்போது பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் டிஸ்கில் இருக்கும். இன்டெக்ஸ் அளவுக்கு இன்னொரு மடங்கு காலியிடம் இல்லையென்றால் ஆரம்பிக்கவே கூடாது. தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் இன்டெக்ஸில் இதைச் செய்யவும் கூடாது, பிறகு அந்தப் பெரிய செக்மென்ட் சாதாரண மெர்ஜில் சேராமல் பாறாங்கல் மாதிரி அப்படியே கிடக்கும்.

மொத்தம் 20 ஜிபிக்குச் சற்று மேல் வந்தது. இதில் பாதி, கட்டுரையின் மூல உரையைச் சுருக்கி வைக்கும் எஃப்டிடி என்ற கோப்பு. தேடலுக்கு உண்மையில் தேவைப்படும் சொற்பட்டியல், ஆவணப் பட்டியல், பொசிஷன் எல்லாம் சேர்ந்து பத்து ஜிபி. பேஜ் கேஷுக்கு இருப்பதோ 11 ஜிபி. எது ராமில் இருக்கிறது, எது இல்லை என்று ஃபின்கோர் என்ற சின்னக் கருவி கோப்பு வாரியாகக் காட்டும். கொஞ்ச நேரம் தேடல்களை ஓட்டிவிட்டுப் பார்த்தால் சொற்பட்டியல் முழுவதும் ராமில், ஆவணப் பட்டியல் பெரும்பகுதி ராமில், எஃப்டிடி மட்டும் ஆங்காங்கே பொட்டுப் பொட்டாக. ஒரு பக்கத்தில் பத்து முடிவு காட்ட எஃப்டிடியில் பத்து இடம் தொட வேண்டும். ஹார்ட் டிஸ்கில்கூட அது 120 மில்லி விநாடிதான். யாரும் குறை சொல்லப்போவதில்லை.

ஆக, மதிய நேரச் சிக்கல் ஒரு பொருளும் வாங்காமலே தீர்ந்துவிட்டது. காலை மட்டும் பாக்கி.

இங்கேதான் ஹார்ட் டிஸ்கின் இரட்டைக் குணத்தைப் பயன்படுத்தலாம். அங்கங்கே தாவிப் படித்தால் விநாடிக்கு எண்பது துண்டு, நாலு கேபி வீதம் கால் எம்பியைச் சற்றுத் தாண்டும். அதையே வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 150 எம்பி வருகிறது. பத்து ஜிபியைத் தேடல்கள் மூலம் கொஞ்சம் கொஞ்சமாக ராமுக்குள் கொண்டுவர ஒரு காலைப்பொழுது ஆகும். வரிசையாகப் படித்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். கணினி ஏறியதும் அந்தக் கோப்புகளை மட்டும் ஒருமுறை படித்துக் குப்பையில் போடும் சிஸ்டம்டி சேவை ஒன்று எழுதினேன். படிப்பதுதான் நோக்கம், படித்தது பேஜ் கேஷில் தங்கிவிடும். எலாஸ்டிக்சர்ச்சிலேயே ஸ்டோர் பிரீலோட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அது எம்மேப் ஆகும் கோப்புகளுக்கு மட்டும் பொருந்தும், ஆவணப் பட்டியலும் பொசிஷனும் 7 வரிசையில் அதில் சேராது. அதனால் என் ஸ்கிரிப்ட்டே போதும் என்று விட்டுவிட்டேன். எதுவானாலும், ராமை விடப் பெரிய இன்டெக்ஸை முழுசாக ஏற்றச் சொல்லக் கூடாது. கடைசியில் வந்தது முதலில் வந்ததைத் தள்ளிவிடும்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஸ்மார்ட்டில் (டிஸ்கே தன் நிலையைச் சொல்லும் வசதி) பார்த்தபோது டிஸ்கின் இடம் மாற்றப்பட்ட செக்டார் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. அது ஏற ஆரம்பித்த டிஸ்கை யாரும் நம்பி வைக்கக் கூடாது. எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்றானதும் எஸ்எஸ்டி எதை எடுப்பது என்ற கேள்வி வந்தது: பழைய சாட்டா இணைப்பா, வேகமான புது என்விஎம்இ இணைப்பா.

ரிச்சி தெருவில் வழக்கமாகப் போகும் கடையில் கேட்டேன். "சாட்டா எதுக்கு சார், என்விஎம்இ போடுங்க. இது 550, அது 3500. ஆறு மடங்கு சார்." அட்டைப் பெட்டியில், விநாடிக்கு எம்பி கணக்கில், அப்படித்தான் இருக்கிறது, அவர் பொய் சொல்லவில்லை. இந்த மதர்போர்டில் எம்.2 பொருத்தும் இடமே கிடையாது, ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு இடத்தில் செருகும் அடாப்டர் உண்டு, பூட் ஆகாவிட்டாலும் டேட்டா டிஸ்காக ஓடும். நண்பரிடம் ஒரு என்விஎம்இ சும்மா கிடந்தது. வாங்கிவந்து இரண்டையும் ஒரே கணினியில் வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

டிஸ்க் வேகத்தை அளக்கும் எஃப்ஐஓ கருவியில், ஒரு படிப்பு முடிந்த பிறகுதான் அடுத்தது என்ற கணக்கில் 4 கேபி தாவல் படிப்பு: ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 75 அளவில், சாட்டா எஸ்எஸ்டி பத்தாயிரத்தை ஒட்டி, என்விஎம்இ பதின்மூன்றாயிரம் பதினாலாயிரம். முதல் தாவல் நூறு மடங்குக்கு மேல். இரண்டாவது தாவல் ஒன்றரை மடங்கைக்கூடத் தொடவில்லை. ஆறு மடங்கு எங்கே போனது? ஒரு துண்டை எஸ்எஸ்டியின் நேண்ட் செல்லிலிருந்து எடுக்க ஆகும் நேரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். என்விஎம்இயின் பலம், ஒரே நேரத்தில் பல கேள்விகளை வரிசையில் போட்டு வாங்குவதிலும், பெரிய கோப்பை வரிசையாக இழுப்பதிலும். ஒரு லூசீன் தேடல் அப்படிக் கேட்பதில்லை. சொற்பட்டியலைப் படித்து முடித்தால்தான் ஆவணப் பட்டியல் எங்கே என்று அதற்குத் தெரியும். ஒரு பதில் வந்தால்தான் அடுத்த கேள்வி. நூறு பேர் ஒரே நேரத்தில் தேடும் இடமாக இருந்தால் கதை வேறு. இங்கே இருப்பது ஏழெட்டு நாற்காலி.

நிஜத் தேடல் சோதனையில் வித்தியாசம் இன்னும் சுருங்கியது. கேஷைக் காலி செய்துவிட்டு ஓட்டினால், ஹார்ட் டிஸ்கில் மெதுவான ஐந்து சதவீதம் முக்கால் விநாடிக்கு மேல். சாட்டாவில் அறுபது எழுபது மில்லி விநாடி. என்விஎம்இயில் ஐம்பது சொச்சம். ஐம்பதுக்கும் எழுபதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற வாசகர் யாராவது இருந்தால் அவரை நூலகத்தில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்டெக்ஸ் கட்டும் நேரத்திலாவது என்விஎம்இ ஜெயிக்கும் என்று நினைத்தேன். ஓரளவுதான். பெரும்பாலான நேரம் சிபியுவின் நாலு கோரும் உரையைச் சொற்களாகப் பிரிப்பதில் மூழ்கியிருந்தன, டிஸ்க் சும்மா இருந்தது. கடைசி ஃபோர்ஸ் மெர்ஜில் மட்டும் வேகம் தெரிந்தது.

எழுதும் வேகத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது வேறு இடத்தில். ஒரு செல்லில் நாலு பிட் அடைக்கும் மலிவான கியூஎல்சி வகை எஸ்எஸ்டிகள் ஆரம்பத்தில் பறக்கும், ஏனென்றால் தன் செல்களில் ஒரு பகுதியை வேகமான எஸ்எல்சி (செல்லுக்கு ஒரு பிட்) மாதிரி நடத்தி அங்கே எழுதிக்கொள்ளும். அந்த இடம் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கும் கீழே இறங்கிவிடுவது உண்டு. இன்டெக்ஸ் கட்டும்போது சின்ன செக்மென்ட்டுகள் சேர்ந்து பெரிதாக, அவை சேர்ந்து இன்னும் பெரிதாக, ஒரே தகவல் திரும்பத் திரும்ப எழுதப்படும். 20 ஜிபி இன்டெக்ஸுக்கு 20 ஜிபி எழுத்து என்று கணக்குப் போட முடியாது. அதனால் டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்), சொந்த டிராம் நினைவகம் உள்ள, 500 ஜிபி சாட்டா ஒன்றை எடுத்தேன். கடைக்காரருக்கு என் மேல் கொஞ்சம் பரிதாபம்.

புது டிஸ்கில் குறியாக்கம் போடவில்லை, எல்விஎம்மும் இல்லை. நேரே எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. உலகமே பார்க்கிற விக்கிப்பீடியாவை யாரிடமிருந்து மறைக்க? டிஎம்-கிரிப்ட் இருந்தால், அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளை இயல்பாகக் கீழே போகாது, அதற்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும் என்ற தொல்லையும் இல்லை. ரீட்அஹெட் தானாகவே 128 கேபிக்கு வந்துவிட்டது. யுடெவ் விதியை அப்படியே விட்டுவைத்தேன், கெடுதல் ஒன்றும் இல்லை.

பிறகு, முதலில் கேட்ட அந்த 32 ஜிபி. இரண்டு 16 ஜிபி ராமைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். மொத்த இன்டெக்ஸும் ராமுக்குள் அடங்கிவிட்டது. சூடான ஓட்டத்தில் மாற்றம் எதுவும் கண்ணில் படவில்லை. காரணம் எளிது: எஸ்எஸ்டி வந்த பிறகு, ராமில் இல்லாத ஒரு துண்டுக்கான அபராதம் பன்னிரண்டு மில்லி விநாடியிலிருந்து 0.1 மில்லி விநாடிக்கு இறங்கிவிட்டது. பத்து இடம் தவறினாலும் ஒரு மில்லி விநாடி. ஹார்ட் டிஸ்கோடு இருந்திருந்தால் ராம் கூடுவது பெரிய விஷயம்தான், அப்போதும் காலையில் நிரப்ப நேரம் எடுக்கும். ராமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நூலகத்தாரிடம் அந்தப் பணத்தை யுபிஎஸ் பேட்டரி மாற்றச் சொன்னேன், அது சாகும் நிலையில் இருந்தது.

இதையே வேறொருவர் செய்வதானால் வரிசை இதுதான் என்பேன்: முதலில் இன்டெக்ஸை மெலிய வைப்பது, அப்புறம் ஹீப், அப்புறம் ரீட்அஹெட், அதன் பிறகுதான் கடைக்குப் போவது. எல்லாருக்கும் பொருந்துமா என்றால், இல்லை. நாள் முழுக்கப் புதுப் பதிவுகள் வந்து விழும் லாக் தேடலாக இருந்தால் எழுத்து வேகமே முதல் கவலை, டிஸ்கை வேறு மாதிரி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடும் வெக்டர் தேடலுக்கு எச்என்எஸ்டபிள்யூ வலைப்பின்னல் போட்டால், அது ராமில் இல்லாமல் எஸ்எஸ்டியில் தாவித் தாவிப் படிக்க ஆரம்பிக்கும்போது நான் மேலே சொன்ன "ராம் வேண்டாம்" செல்லாது. ஒவ்வொரு தேடலும் அங்கே நூற்றுக்கணக்கான முனைகளைத் தொடும்.

காலைக்கான சூடேற்றும் சேவை இப்போதும் ஓடுகிறது. சாட்டாவில் அது முடிய இருபது விநாடி. அடுத்த டம்ப் வரும்போது நூலகக் கணினியைத் தொந்தரவு செய்யாமல், இன்டெக்ஸை என் லேப்டாப்பிலேயே கட்டி, ஸ்னாப்ஷாட் எடுத்து, பென் டிரைவில் கொண்டுபோய் மீட்டெடுக்க வேண்டும். தேடல் பக்கம் இன்டெக்ஸை நேரடியாகக் கூப்பிடாமல் ஏலியாஸ் (மாற்றுப் பெயர்) வழியாகக் கூப்பிடும்படி மாற்றியிருப்பதால், ஏலியாஸைப் புதியதற்குத் திருப்பிவிட்டுப் பழையதை அழித்தால் போதும். இரண்டும் சேர்ந்து 45 ஜிபியைத் தாண்டாது. பென் டிரைவ் எக்ஸ்ஃபேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பு வந்தாலும் நகல் பாதியில் நின்றுவிடும்.